பொம்மையின் தரம் காணல்



ஒரு பொருளின் தரத்தைக் கண்டறிவது மெத்தப் படித்தவர்க்கே உரிய கலை என்று எண்ணுவோர் உளர். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. புகையூட்டிய ரப்பர்த் தகட்டை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, தூசு உண்டா, பூஞ்சணம் படர்ந்துள்ளதா எனப் பார்த்து, முதல் தரம் தொடங்கி ஐந்தாம் தரம் வரை பிரித்து அடுக்கிய கைகள் நம் பெற்றோருடையவை. செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்த அளவிலேயே அது பழமா காயா என உரைக்கும் கண்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. காய்க்குலையை வெட்டினால் கூலியில் பிடித்தம் விழும். ஆதலின் அக்கண்கள் பிழைபடுவது அரிது. சிறுவராய் இருந்த நாளில் நாமும் ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கிக் குத்தி, உடையாமல் நின்ற கொட்டையே உயர்ந்தது எனத் தேர்ந்தோம். தரம் காணும் கல்வி நமக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

இவ்வாண்டு மலருக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சித்திரக்கதை வீரர் பொம்மைகளின் தரத்தை எவ்வாறு காண்பது என்பதே அது. தலைமையாசிரியர் பொம்மையைப் பற்றியா எழுதுவது என்று நகைக்க வேண்டா. சென்ற ஆண்டு ஒரு தந்தையின் எண்ணூறு வெள்ளியும் ஒரு மாணவனின் நம்பிக்கையும் அத்தகைய பன்னிரண்டு பொம்மைகளின்மேல் நின்றன. அந்நிகழ்ச்சியைச் சொல்லுமுன், இப்பொம்மைகளின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம்.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல உயரமும் வளையும் மூட்டுகளும் கொண்டது அது. பையன்கள் பொம்மை வைத்து விளையாடமாட்டார்கள் என்று வணிகர்கள் அஞ்சிய காரணத்தால், 'பொம்மை' என்னும் சொல்லையே நீக்கி, 'செயல் உருவம்' எனப் பொருள்படும் புதுப்பெயரை அந்நிறுவனம் வழங்கிற்று. அப்பொம்மையின் வலக்கைப் பெருவிரலில் நகம் தவறுதலாக உட்புறத்தில் அமைந்துவிட்டது. அதனைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். போலி செய்வோர் அப்பிழையையும் சேர்த்தே படியெடுப்பர் அல்லவா? பிழையே அடையாள முத்திரை ஆயிற்று. 1970-களில் மெகோ என்னும் நிறுவனம் எட்டங்குல வீரர்களுக்குத் துணியில் உடை தைத்து அணிவித்தது. 1978-இல் கென்னர் நிறுவனம் விண்வெளிப் போர்த் திரைப்படமான 'ஸ்டார் வார்ஸ்' கதைமாந்தரை மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் வார்த்து விற்றது. உருவம் சிறுத்தது, விலையும் குறைந்தது, ஒன்று வாங்கிய சிறுவன் பத்து வாங்க ஆசைப்பட்டான். தொகுப்பாகச் சேர்க்கும் வழக்கம் அதன்பின் வேகமாக வளர்ந்தது.

1984-ஆம் ஆண்டில் இரண்டு தொகுப்புகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. சூப்பர்மேன், பேட்மேன் முதலிய டி.சி. நிறுவனத்து வீரர்களைக் கென்னர் நிறுவனம் 'சூப்பர் பவர்ஸ்' என்ற பெயரில் கொணர்ந்தது. ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா முதலிய மார்வெல் வீரர்களை மேட்டல் நிறுவனம் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற பெயரில் கொணர்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தரம் என்பது யாது என விளங்கும். மேட்டல் வீரர்க்குக் கழுத்து, இரு தோள், இரு தொடை என ஐந்து மூட்டுகளே இருந்தன. ஒரே உடலச்சு பல வீரர்க்குப் பயன்பட்டது. தலையும் வண்ணமும் மட்டுமே வேறுபட்டன. அசைத்தால் படம் மாறும் கேடயம் ஒன்றை உடன் தந்து அக்குறையை ஈடுகட்ட முயன்றனர். கென்னர் வீரர்க்கோ ஒவ்வோர் உருவமும் கதையேட்டில் உள்ள சாயலோடு தனித்தனியே செதுக்கப்பட்டது. உடலுக்குள் ஒரு பொறியும் இருந்தது. சூப்பர்மேனின் கால்களை அழுத்தினால் கை குத்தும். பிளாஷ் என்னும் விரைவோட்ட வீரனின் கைகளை அழுத்தினால் கால்கள் ஓடும். ஒவ்வொரு பொம்மையுடனும் ஒரு சிறு கதைப் புத்தகமும் இருந்தது. முதலாண்டில் வந்தவை பன்னிரண்டு. அப்பன்னிரண்டையே நாம் கையில் எடுத்துப் பார்க்க நேர்ந்தது.

செம்பனை வெட்டும் தொழிலாளி ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலை, அட்டைப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு நம் அலுவலகத்திற்கு வந்தார். அவர் மகன் அப்போது ஐந்தாம் ஆண்டில் பயின்றான். வாசிப்பில் பின்தங்கியிருந்த அச்சிறுவனுக்குப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பழக்கியிருந்தோம். ஓராண்டுக்குள் மூன்று மொழியிலும் தடையின்றிப் படிக்கலானான். அதற்குப் பரிசாகவே தந்தை இப்பெட்டியை வாங்க எண்ணினார். பட்டணத்தில் ஒருவர், '1984-ஆம் ஆண்டின் அசல் தொகுப்பு, பன்னிரண்டும் முழுமை, எண்ணூறு வெள்ளி' என்று கூறி, மூன்று நாள் பார்த்துவிட்டுப் பணம் தருமாறு கொடுத்தனுப்பியிருந்தார்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமையிலும் வெட்டிச் சேர்த்த காசு. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இவன் படிக்கிறான். வாங்குவதை நல்லதாக வாங்க வேண்டும். நல்லதுதானா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்," என்றார் அவர்.

பினாங்கில் நெகிழி வார்ப்புத் தொழிலில் இருபது ஆண்டுகள் உழைத்த நம் மைத்துனர் அவ்வாரம் விடுப்பில் நம் இல்லத்திற்கு வருவதாக இருந்தார். அவர் இளமை முதலே இத்தகைய பொம்மைகளைச் சேர்ப்பவர். தம்மிடம் உள்ளவற்றில் நான்கைந்தை எடுத்து வருமாறு அவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று கையில் இல்லாமல் தீர்ப்புக் கூறுதல் தராசு இல்லாமல் எடை சொல்வதைப் போன்றதன்றோ?

சனிக்கிழமை காலையில் பள்ளி நூலகத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பன்னிரண்டு பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தினோம். தந்தையும் மகனும் எதிரே அமர்ந்தனர். அன்று கடைப்பிடித்த முறையை மாணவர்களின் பயன் கருதி இங்கு வரிசையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, வார்ப்பு. உருக்கிய நெகிழியை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தியே இவை செய்யப்படுகின்றன. அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். நல்ல வார்ப்பில் அக்கோடு நேராகவும் நகத்தில் இடறாத அளவு மென்மையாகவும் இருக்கும். போலி செய்வோர்க்கு எஃகு அச்சு வெட்ட முதல் இராது. ஆகவே அசல் பொம்மையையே மென்மையான ரப்பர் போன்ற பொருளில் பதித்து அச்செடுத்துப் பிசின் ஊற்றுவர். அவ்வாறு ஊற்றியது இறுகும்போது சிறிதளவு சுருங்கும். எனவே படியெடுத்த பொம்மை அசலைவிட ஒரு மயிரிழை குட்டையாய் நிற்கும். விரல் நுனி, மூக்கு, உடை மடிப்பு முதலியன மழுங்கித் தோன்றும்.

இரண்டாவது, மூட்டும் பொறியும். மூட்டு மிகத் தளர்ந்திருந்தால் பொம்மை நில்லாது. மிக இறுகியிருந்தால் ஒரு நாள் முறியும். வைத்த நிலையில் நிற்பதே நல்ல மூட்டு. உள்ளே பொறி உள்ளது என்றால் அழுத்தியவுடன் அது வேலை செய்தல் வேண்டும்.

மூன்றாவது, வண்ணம். ஆலையில் பூசிய வண்ணத்திற்கு ஓரம் கூர்மையாய் இருக்கும். கையால் பின்னர்ப் பூசிய வண்ணத்தில் தூரிகையின் வரிகள் தெரியும்; பள்ளங்களில் வண்ணம் தேங்கி நிற்கும்.

நான்காவது, முழுமை. ஆயுதம், மேலாடை, குடை போன்ற சிறு பொருள்களே முதலில் தொலைபவை. பொம்மை பழையதாகவும் கைப்பொருள் பளபளப்பாகவும் இருந்தால் ஐயுறல் வேண்டும். முதுகிலோ காலிலோ பொறித்துள்ள ஆண்டும் ஏமாற்றக்கூடும். அது பெரும்பாலும் உருவத்தின் உரிமையைப் பதிந்த ஆண்டே தவிர, பொம்மை வார்க்கப்பட்ட ஆண்டு என்று கொள்ளலாகாது.

ஐந்தாவது, முதுமை. வெயில் பட்ட வெள்ளை நெகிழி மஞ்சளாகும். மென்மையான நெகிழி நாளடைவில் பிசுபிசுக்கும். நாற்பது ஆண்டு மூப்பு எங்கேனும் ஓரிடத்தில் தெரிந்தே தீரும். ஒரு வடுவும் இல்லாத கிழவரை எங்கே காண முடியும்?

இம்முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்தோம். பச்சை விளக்கு வீரன் மைத்துனரின் அசலைவிடக் குட்டையாய் நின்றான். கால்களை அழுத்தினால் கை எழவில்லை. உள்ளே பொறியே இல்லாத திண்ணிய பிசின் உருவம் அது. பென்குவின் என்னும் வில்லனின் குடையும், பருந்து வீரனின் கதாயுதமும் அண்மையில் வார்க்கப்பட்டவை. ராபினின் துணி மேலாடை வேறு துணியில் தைக்கப்பட்டது. தையலின் நூல் சற்றும் மங்கவில்லை. பிரெய்னியாக் என்னும் வில்லனின் வெள்ளி மெருகு முழங்காலிலும் தோளிலும் தேய்ந்திருந்தது. சிறுவன் அதனைக் குறையெனக் காட்டினான். "இல்லை தம்பி, இது விளையாடித் தேய்ந்த தேய்வு. ஒளிக்காமல் இருக்கிறது. இதைக் குறை என்று சொல்லக்கூடாது," என்றார் மைத்துனர்.

சூப்பர்மேனை மைத்துனர் அழுத்திப் பார்த்தார். கை நன்றாகவே குத்தியது. உயரமும் ஒத்தது. நல்லவற்றின் பக்கம் அதனை வைத்தார். அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த தந்தை அப்போது கையை நீட்டி, அப்பொம்மையையும் மைத்துனரின் சூப்பர்மேனையும் எடுத்துக்கொண்டு சன்னலோரம் சென்றார். குலையை நோக்குவது போலவே இரண்டையும் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"ஐயா, இந்த இரண்டு சிவப்பும் ஒன்றில்லை. உங்களுடையது பழுத்த சிவப்பு. இது பூசிய சிவப்பு," என்றார்.

அறிவியல் அறையிலிருந்து உருப்பெருக்கியைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். காலணியின் சிவப்பில் தூரிகையின் வரிகள் தெரிந்தன; அவ்வண்ணத்தின் அடியில் பழைய கீறல் ஒன்றும் ஓடியது. தேய்ந்து போனதை மறைக்க எவரோ புதிதாகப் பூசியிருந்தனர். இருபது ஆண்டு வார்ப்புத் தொழில் கண்டவர் எழுந்து நின்று அத்தொழிலாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். அவ்வேளையில் மகன் தந்தையை ஏறிட்டுப் பார்த்த பார்வையை நாம் மறப்பதற்கில்லை. ஏட்டில் இவன் தந்தையை விஞ்சியிருக்கலாம். அந்தக் கண்ணை அவன் இனித்தான் கற்றல் வேண்டும்.

முடிவை ஒரு தாளில் எழுதினோம். ஒன்று போலி, ஒன்று மறுபூச்சு, மூன்று மாற்றுப் பொருள் பெற்றவை, எஞ்சிய ஏழும் பழுதற்ற அசல். 'அசல், முழுமை' என்று கூறிய சொல் நிற்கவில்லை. அதே வேளையில், பெட்டியே பொய் என்று தள்ளிவிடவும் இயலவில்லை. தரம் காண்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். குறையை மட்டும் கூறுபவர் வாங்குவோரின் அச்சத்தை வளர்க்கின்றார். நிறையை மட்டும் கூறுபவர் விற்பவரின் ஆளாகின்றார்.

"அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா ஐயா?" எனத் தந்தை வினவினார்.

"உங்கள் மகன் இதைப் பேழையில் வைத்துப் பார்க்கப் போகின்றானா, எடுத்து விளையாடப் போகின்றானா? அதை அவனிடமே கேளுங்கள்," என்றோம்.

இவ்வினாவிற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பொம்மைகளுக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, ஒளிபுகும் பேழையில் அடைத்துத் தரும் நிறுவனங்களும் உள்ளன. அங்குப் பெட்டி பிரிக்காத பொம்மைக்கே பெருமதிப்பு. அட்டையின் மூலை மடங்கினாலும் மதிப்பெண் குறையும். அது சேகரிப்பாளரின் தரம். விளையாடும் பிள்ளையின் தரம் வேறு. பிள்ளைக்கு மூட்டு உறுதியாய் இருத்தல் வேண்டும், கூர்முனை இருத்தலாகாது, வண்ணம் உரிந்து வாய்க்குள் போதலாகாது. 2007-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த வண்ணத்தின் காரணமாக இலட்சக்கணக்கான விளையாட்டுப் பொருள்களை மேட்டல் நிறுவனம் திரும்பப் பெற்றதை உலகமே அறியும். நம் நாட்டிலும் விளையாட்டுப் பொருள்களுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் 2009-இல் வகுக்கப்பட்டன. பழம்பொம்மைகளோ அவற்றிற்கெல்லாம் முந்தியவை. ஆதலின் தவழும் தம்பி தங்கையர் உள்ள இல்லத்தில் அவற்றை உயரத்தில் வைத்தலே அறிவுடைமை.

அன்று மாலையே தந்தை நம் தாளை எடுத்துக்கொண்டு பட்டணம் சென்றார். விற்றவர் முதலில் முகம் சுளித்தாராம். பின்னர்த் தாமும் பிறரிடம் மொத்தமாக வாங்கியதாகக் கூறி, வேண்டியதைத் தனியே எடுத்துக்கொள்ள இசைந்தார். எதனை வேண்டுமாயினும் எடு என்று தந்தை சொல்ல, மகன் பிளாஷ் வீரனை எடுத்தான். மூக்கில் வண்ணம் தேய்ந்த பொம்மை அது. ஆயினும் கைகளை அழுத்தினால் இன்றும் கால்கள் ஓடுகின்றன. விலை எழுபது வெள்ளி. எஞ்சிய பணம் வங்கிக்கே திரும்பிற்று.

மறுவாரம் அம்மாணவன் அப்பொம்மையைப் பள்ளிக்குக் கொணர்ந்து நம்மிடம் ஒரு வினாத் தொடுத்தான். "ஐயா, இதைச் செய்தவர் பெயர் இதில் ஏன் இல்லை?"

நல்ல வினா. நிறுவனத்தின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, செதுக்கியவர், அச்சு வெட்டியவர், வண்ணம் பூசியவர் பெயர் இல்லை. 1980-களில் அமெரிக்க நிறுவனங்களின் பொம்மைகள் பலவும் ஹாங்காங்கின் ஆலைகளில் பெண்களும் ஆண்களும் வரிசையில் அமர்ந்து செய்தவையே. நம் மாணவர் பலர் வைத்திருக்கும் ஹாட் வீல்ஸ் சிறுமகிழுந்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மலேசியாவின் பெயரே பொறித்திருக்கும். அவை பினாங்கு மாநிலத்து ஆலையில் நம் நாட்டுத் தொழிலாளர் செய்தவை.

கதைமாந்தரைப் படைத்தவர்களின் நிலையையும் அவனுக்கு எடுத்துரைத்தோம். சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். 1938-இல் அவ்வுரிமையை வெறும் 130 டாலருக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தனர். அவ்வீரனால் பிறர் கோடி கோடியாய் ஈட்டினர். படைத்தவர்களோ முதுமையில் வறுமையுற்றனர். நெடுநாள் போராட்டத்திற்குப் பின், 1975-இல்தான் ஆண்டுதோறும் உதவித்தொகையும், படைப்பாளர் எனப் பெயர் பொறிக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிட்டின. ஆனால் 'சூப்பர் பவர்ஸ்' தொகுப்பு இன்னொரு வகையில் நினைக்கத்தக்கது. ஜாக் கிர்பி என்னும் மூத்த ஓவியர் 1970-களின் தொடக்கத்தில் தாம் படைத்த கதைமாந்தர்களின் தோற்றத்தை அத்தொகுப்பிற்காக மீண்டும் வரைந்தளித்தார். அதன்வழி அவருக்கு உரிமைத்தொகை கிடைக்க டி.சி. நிறுவனம் வகை செய்தது. உழைத்தவர்க்குப் பங்கு சேர்வதும் ஒரு பொருளின் தரத்துள் அடங்கும் என்றே நாம் கருதுகின்றோம். பால் வெட்டியவரும் குலை வெட்டியவரும் இக்கருத்தை நம்மினும் நன்கு அறிவர்.

மாணவர்களே, உங்கள் கைக்கு வரும் எப்பொருளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டியின் மேல் எழுதியுள்ளதைப் படியுங்கள். பின்னர்ப் பெட்டியைத் திறந்து அது மெய்யா எனச் சோதியுங்கள். அசலோடு ஒப்பிடாமல் போலி என்று பழிக்காதீர்கள். தேய்வைக் கண்டு இகழாதீர்கள். மறைப்பைக் கண்டு மயங்காதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பரிசு வாங்கும்போது அவனையும் அருகில் அமர்த்திக்கொண்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் வினவ வெட்கப்பட வேண்டா. நம் கூலி நாம் நின்று உழைத்தது. உங்களுக்கு ஏட்டுக் கல்வி குறைவு என்று எண்ணி உங்கள் கண்ணை நீங்களே ஐயுற வேண்டா. அது முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் பயின்ற கண். அதனை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். பள்ளியில் நாம் கற்பிப்பதோடு அதுவும் சேருமாயின் நம் பிள்ளைகளை எவராலும் எளிதில் ஏய்க்க இயலாது.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் பள்ளி!